தலைக்கு 714 ரூபாயில் தீபாவளிப் பரிசு: சென்னிமலைக் கைத்தறிப் போர்வை குறித்த மதிப்பீடு

கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் கணக்கையும் நிர்வாகத்தையும் கவனித்துக்கொள்கிறேன். தீபாவளிப் பரிசு வாங்கும் பொறுப்பும் என்னுடையதுதான். சென்ற தீபாவளிக்கு முதலாளி ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். பரிசு பெற வேண்டியவர்கள் 42 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 714 ரூபாய் வருகிறது. இந்தத் தொகைக்குள் இனிப்பு, பட்டாசு, எவர்சில்வர், பெயர் அச்சிட்ட பரிசுப் பெட்டி என்று பலவற்றையும் விசாரித்து எடைபோட்ட பிறகு, சென்னிமலையில் நெய்த கைத்தறிப் போர்வையைத் தேர்ந்தெடுத்தோம். போர்வைகள் பல மாதங்கள் பயன்பட்டு, பலமுறை துவைக்கப்பட்டு, அவற்றின் நிறையும் குறையும் தெரிந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். இதே அளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது என்று யோசிக்கும் சிறு நிறுவனங்களுக்கு இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பரிசு என்பது போனஸுக்கு ஈடாகாது. போனஸ் குறித்த சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றும், அதிகபட்சம் 20 சதவீதம் என்றும் வரையறுத்த தொகை தொழிலாளியின் உரிமை. அதைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொட்டலத்தை நீட்டினால், பொட்டலத்துக்குள் இருப்பது எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் வாங்குபவரின் மனம் கசக்கத்தான் செய்யும். எங்கள் பட்டறையில் போனஸ் ஆயுத பூஜை கழிந்த வாரத்திலேயே வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. பரிசு அதற்குப் பிறகு, தனியாக, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சம்பளத்தோடு கொடுக்கப்படுகிறது. “இந்த 714 ரூபாயையும் பணமாகவே கொடுத்துவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போனஸ் குறைவாக இருக்கும் இடத்தில் பணமாகக் கொடுப்பதே சரி. போனஸ் முறையாகக் கிடைக்கும் இடத்தில், இந்தச் சிறு தொகை மளிகைக் கடை பாக்கியிலோ பேருந்துக் கட்டணத்திலோ கரைந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு பொருளாக அது போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைத்தேன்.

அந்த 42 பேர் யார் என்பதும் தேர்வைத் தீர்மானித்தது. லேத், சிஎன்சி இயந்திரங்களில் நிற்பவர்கள், டிரில்லிங் பகுதியினர், பேக்கிங்கில் உள்ள பெண்கள், பீகாரிலிருந்து வந்து பட்டறைக்குப் பின்னாலுள்ள லைன் வீடுகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஆகியோர் சேர்ந்து 36 பேர். மீதி ஆறு பேர் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்: ஏஜென்சி மூலம் வரும் இரண்டு காவலர்கள், கூட்டிப் பெருக்கும் இரண்டு அம்மாக்கள், தேநீர் கொண்டுவரும் அக்கா, வாடகை டெம்போ ஓட்டுநர். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக, கண்ணெதிரே எல்லோரும் பையோடு போகும்போது இவர்களை வெறுங்கையோடு அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இவர்களுடைய பங்குதான். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். 36 பேருக்கு 833 ரூபாய்ப் பொருள் வாங்குவதைவிட 42 பேருக்கு 714 ரூபாய்ப் பொருள் வாங்குவது மேல். அதேபோல் சூப்பர்வைசருக்கு ஒன்று, ஹெல்பருக்கு ஒன்று என்று தரம் பிரிப்பதும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதவிக்கேற்ற வித்தியாசம் ஏற்கெனவே சம்பளத்திலும் போனஸிலும் இருக்கிறது.

இனிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் வாங்குவது அதைத்தான். விசாரித்துக் கடை தேடினால் 714 ரூபாய்க்கு ஒரு கிலோ நெய் இனிப்பும் காரமும் அடங்கிய பெட்டி கிடைக்கும். ஆனால் எங்கள் தொழிலாளர் வீடுகளில் தீபாவளியன்று குறைவாக இருக்கும் பொருள் இனிப்பு அன்று. அநேகமாக எல்லாப் பெண்களும் தீபாவளிச் சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். மாதந்தோறும் கட்டிய பணத்துக்கு இனிப்பு, காரம், பட்டாசு, எண்ணெய், மாவு வகைகள் என ஒரு மூட்டையே வந்துவிடுகிறது. அதற்கு மேல் வீட்டில் சுட்ட அதிரசமும் முறுக்கும் இருக்கும். அண்டை வீட்டுத் தட்டுகளும் வந்து சேரும். அந்தக் குவியலில் நிறுவனத்தின் பெட்டியும் ஒன்றாகப் போய்ச் சேருகிறது. பீகார் இளைஞர்களின் நிலைமை வேறு. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவர்களுக்கு சட் பூஜை. அதுதான் அவர்களுடைய பெரிய பண்டிகை. விடுமுறை கிடைத்தவர்கள் இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் பயணம் செய்து ஊர் போகிறார்கள். பால் இனிப்பு அந்தப் பயணத்தைத் தாங்காது.

இனிப்புதான் வாங்குவது என்று முடிவு செய்பவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். கடையில் எடை போடும்போது காலிப் பெட்டியைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்த பிறகே இனிப்பை நிறுக்க வேண்டும். அட்டை தடித்த பண்டிகைப் பெட்டிகள் கணிசமான எடை கொண்டவை. 42 பெட்டிகளில் அது கிலோக் கணக்கில் ஏறிவிடும். இரண்டாவது, 2020 அக்டோபர் 1 முதல் சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டுகளிலும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மொத்தமாக வாங்கும்போது பெட்டிகள் முன்கூட்டியே கட்டி அடுக்கப்படுவதால் அந்தத் தேதி நம் கண்ணில் படுவதில்லை. கேட்டு வாங்க வேண்டும். ஆவின் தீபாவளிக்கென்று போடும் நெய் இனிப்புகள் எடையும் தேதியும் அச்சிட்ட பெட்டியில் வருவதால், இந்தக் கவலை அங்கே குறைவு.

பட்டாசுப் பெட்டியை நான் அதிகம் யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்க அனுமதி உண்டு. வெல்டிங் பொறி பறக்கும் பட்டறைக்குள் 42 பட்டாசுப் பெட்டிகளை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. ஊருக்குப் போகும் பையன்கள் அதை ரயிலில் கொண்டு செல்லவும் முடியாது. ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வது தண்டனைக்குரிய குற்றம்.

பெயர் அச்சிட்ட பரிசுப் பெட்டிகள்தான் இப்போது எங்கும் பரவியிருக்கின்றன. ஒரு பிளாஸ்க், ஒரு பேனா, ஒரு டைரி, ஒரு சாவிக்கொத்து எல்லாம் கறுப்புப் பஞ்சுக்குள் பதித்து, மேலே நிறுவனத்தின் பெயரோடு 650 ரூபாயிலிருந்து தருகிறார்கள். மாதிரிக்கு ஒன்றை ஏஜெண்ட் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திறந்தவுடன் பார்வையாகத்தான் இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதில் தேநீரை ஊற்றி மூடி வைத்தோம். பதினோரு மணிக்குத் திறந்தபோது குடிக்கும் சூடு இல்லை. பேனாவின் முனை காகிதத்தில் இழுத்தது. பெட்டியை மட்டும் பிரித்து விலை கேட்டேன். 140 ரூபாய் என்றார். தலைக்கு 714 ரூபாய் உள்ளவன் 140 ரூபாயை அட்டைக்கும் பஞ்சுக்கும் கொடுப்பது எப்படிச் சரியாகும்? மேலும், லேத்தில் நிற்பவருக்கு டைரியில் எழுத என்ன இருக்கிறது? நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக அச்சிட்ட பொருள், பெறுபவரைவிடக் கொடுப்பவரையே நினைத்துச் செய்யப்பட்டது. விளம்பரத்துக்கு வேறு கணக்கில் செலவு செய்யலாம். ஊழியரின் தீபாவளிப் பணத்திலிருந்து அதை எடுக்க வேண்டியதில்லை.

இங்கே வரிக்கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு நிறுவனங்கள் இதைக் கவனிக்காமல் விலைகளை ஒப்பிடுகின்றன. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே ஏஜெண்ட் சொல்லும் “வரி நீங்கலான” விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 18 சதவீத வரி உள்ள பிளாஸ்க் 600 ரூபாய் என்றால், நம் கையிலிருந்து போவது 708 ரூபாய். 5 சதவீத வரி உள்ள துணியோ பாத்திரமோ 600 ரூபாய் என்றால் 630 ரூபாய்தான். ஓர் ஊழியருக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய் மதிப்பு வரை கொடுக்கும் பரிசுக்கு நாம் தனியாக ஜிஎஸ்டி விதிக்க வேண்டியதில்லை என்பதால், எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை.

எவர்சில்வர் பாத்திரம் கடைசி வரை போட்டியில் இருந்தது. இன்றும் நான் இரண்டாம் இடத்தை அதற்கே கொடுப்பேன். பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததில், எங்கள் தொகைக்குள் மதிய உணவு கொண்டுபோகும் ஒரு நல்ல மூன்றடுக்குத் தூக்குப்போசி அடங்கியது. பெரிய கடை வீதிப் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தபோது, ஒரே உருவமுள்ள இரண்டு போசிகளுக்கு விலை வித்தியாசம் ஏறத்தாழ 200 ரூபாய் இருந்தது. ஒன்று 304 தரம், மற்றது 202 தரம். காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். உலோகத்தோடு புழங்கும் பட்டறை எங்களுடையது என்பதால் அது போதாது என்று எங்களுக்குத் தெரியும்: 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது; காந்தம் பலமாக ஒட்டுவது 400 வரிசையைச் சேர்ந்த தகட்டில்தான். 304, 202 இரண்டையும் பிரித்துக் காட்டுவது உப்பும் புளியும் படும் நீண்ட நாள் பழக்கமே. 202இல் நிக்கல் குறைவு, அதனால் புள்ளி விழும். ரசீதில் தரத்தை எழுதித் தரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. 304 தரத்தில் தூக்குப்போசி 760 ரூபாய்க்கு மேல் போனதாலும், அநேகம் பேரிடம் ஏற்கெனவே மதிய உணவுக்கு நல்ல போசி இருந்ததாலும் பாத்திரத்தை விட்டோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதிகமுள்ள இடமாக இருந்தால் நான் போசியையே சொல்லியிருப்பேன். அடியில் பெயர் வெட்டிக் கொடுத்தால் காலத்துக்கும் நிற்கும்.

புடவையும் வேட்டியும் பற்றி ஒரு வரி போதும். நிறம், கரை, விலை ஆகியவற்றில் ஒருவருடையது மற்றவருடையதைவிட நன்றாக இருக்கிறது என்ற பேச்சு அன்றே தொடங்கி அடுத்த தீபாவளி வரை நீளும்.

போர்வைக்கு வருகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும், மணமானவருக்கும் தனியாள்களுக்கும், இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒரே பொருள் ஒரே அளவில் பொருந்த வேண்டும், கெடக் கூடாது, பையில் மடித்துக் கொண்டுபோக வேண்டும், சீட்டில் வராததாக இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் 714 ரூபாய்க்குள் நிறைவேற்றிய பொருள் இது ஒன்றுதான். ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்குத் தெற்கே, முருகன் மலைக்கோயிலின் அடிவாரத்தில் உள்ள சென்னிமலை, போர்வைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இருக்கின்றன; சங்கத்தின் விற்பனைக் கூடத்திலேயே நேரடியாக வாங்கலாம். ஈரோட்டுக்குச் சரக்கு இறக்கப் போகும் எங்கள் டெம்போ திரும்பும் வழியில் போய்வந்ததால் தனி வாடகை ஆகவில்லை.

விற்பனைக் கூடத்தில் பணியில் இருந்த பெரியவர் அவசரப்படாமல் காட்டினார். கட்டை அவிழ்த்து ஒரு போர்வையை மேசைமேல் உதறி விரித்தார். கஞ்சி வாசனையோடு துணி விறைப்பாக நின்றது. அடர்நீலமும் வெள்ளையும் கோடுகளாக ஓடிய அந்தப் போர்வையைப் புரட்டிப் போட்டால், பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே இருந்தது; சாயம் தோய்த்த நூலில் நெய்தது என்பதற்கு அது முதல் அடையாளம். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது குறுக்கே ஓடும் ஊடை இழைகளுக்கு நடுவே அங்கங்கே நூலளவு நெருக்கமும் தளர்வும் தெரிந்தன. கையால் அடிக்கும் தறியில் அந்தச் சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். கைத்தறி முத்திரை தைத்த சீட்டு மூலையில் இருந்தது. மத்திய அரசு 2006இல் கொண்டுவந்த அந்த முத்திரையைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. கைக்குட்டையை நனைத்து அடர்நீலக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். லேசான நீலம் ஒட்டியது. “முதல் ரெண்டு தண்ணிக்கு விடுமுங்க, கல்லுப்புப் போட்டு ஊற வெச்சு அலசச் சொல்லுங்க, அப்புறம் நின்னுக்கும்” என்று அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

இந்த முத்திரைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்பது இந்தப் பகுதியில் புதிதன்று. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கு மட்டும் என்று 11 வகைத் துணிகளை ஒதுக்கியிருக்கிறது; ஜமக்காளமும் போர்வையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. விசைத்தறிப் போர்வையை விசைத்தறி என்று சொல்லி விற்றால் அதில் வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை. அதன் விலையும் பாதிக்கும் கீழே இருக்கும். 250, 300 ரூபாய்க்கு ஈரோட்டுச் சந்தையில் வாங்கி வந்து பரிசாகக் கொடுப்பவர்களையும் அறிவேன். ஆனால் கைத்தறி விலை கொடுத்து விசைத்தறித் துணியை வாங்கிவந்தால் நம் ஊழியரின் பணமும் வீண், தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் வீண். நாம் ஒரு தொழிலாளியின் பண்டிகைக்காகச் செலவிடும் பணம் இன்னொரு தொழிலாளியின் பண்டிகைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

போர்வையின் அளவு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். பட்டறைக்குக் கொண்டுவந்து பேக்கிங் பகுதித் தராசில் வைத்துப் பார்த்தபோது ஒன்று ஏறத்தாழ 800 கிராம் இருந்தது. சீட்டில் உள்ள விலை 780 ரூபாய். பண்டிகைத் தள்ளுபடி 20 சதவீதம் போக, வரியும் சேர்த்து 624 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 42 போர்வைக்கு 26,208 ரூபாய் ஆயிற்று.

மீதியிருந்த 3,792 ரூபாயில் ஒரு தின்பண்டமும் வைக்க நினைத்தோம். பண்டிகை நாளில் வாய்க்கு ஒன்றும் இல்லாமல் துணியை மட்டும் நீட்டுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று 80 ரூபாய் வீதம் 3,360 ரூபாய்க்கு வந்தது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய் வெல்லமும் நிலக்கடலையும் சேர்ந்தது. ஈரம் படாமல் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது, குழந்தைகளுக்கும் பிடிக்கும், ரயில் பயணத்துக்கும் ஏற்றது. இரண்டையும் போட்டுக் கொடுக்க மஞ்சப்பை ஒன்று 10 ரூபாய், மொத்தம் 420 ரூபாய். எல்லாம் கூட்டினால் 29,988 ரூபாய். பளபளக்கும் பெட்டிக்கு ஆகியிருக்கக்கூடிய 140 ரூபாயோடு இந்தப் 10 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பையில் இன்றும் எங்கள் பேக்கிங் பெண்கள் மதியச் சோற்றைக் கொண்டுவருகிறார்கள்.

கொடுத்த விதத்தையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் குறைந்த பணத்தில் வாங்கிய பரிசின் மதிப்பு அதில் பாதி அடங்கியிருக்கிறது. நான்கு நிறங்களில் வாங்கியிருந்தோம். பெயர் எழுதி வைக்காமல், மேசையில் நிறவாரியாக அடுக்கி, அவரவர் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். முதலில் எடுக்க அழைத்தது கூட்டிப் பெருக்கும் அம்மாக்களையும் காவலர்களையும். கடைசியில் மேலாளர்கள். முதலாளியே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கொடுத்தார். அரக்குச் சிவப்பு முதலில் தீர்ந்தது. சாம்பல் நிறத்தை யாரும் விரும்பவில்லை, கடைசியில் நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம். அடுத்த முறை வாங்குபவர்கள் சாம்பலைத் தவிர்க்கலாம்.

இப்போது குறைகளைச் சொல்கிறேன். சாயம் பற்றிப் பெரியவர் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் பையில் போட்டிருந்தோம். அப்படியும் இரண்டு மூன்று வீடுகளில் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்து நீலம் ஏறிவிட்டது. வாயாலும் சொல்லிக் கொடுப்பது அவசியம். துவைத்தபின் நீளத்தில் இரண்டு மூன்று அங்குலம் சுருங்கியது. உயரமானவர்களுக்குக் காலை முழுதாக மூடுவதில்லை. தண்ணீரில் நனைந்தால் போர்வை நல்ல கனம். கையால் பிழிவது வயதானவர்களுக்குச் சிரமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய இரண்டு நாள் பிடிக்கிறது. விரிப்பாகப் பயன்படுத்தும்போது புதிதில் சற்றே சொரசொரப்பாக இருக்கும். நாலைந்து துவைப்புக்குப் பிறகுதான் மெதுமெதுவென்று ஆகிறது. கடைகளில் பளபளவென்று அடுக்கியிருக்கும் பாலியஸ்டர் கம்பளியின் மென்மையை முதல் நாளிலேயே இதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். மார்கழிக் குளிருக்கு அந்தக் கம்பளி கூடுதல் சூடு தரும் என்பதும் உண்மை. ஆனால் கோவையில் குளிர் இரண்டு மாதம். மீதிப் பத்து மாதமும் உடம்பில் ஒட்டாத பருத்தியே உதவும்.

எல்லாவற்றிலும் பெரிய குறையைப் பேக்கிங் பகுதியில் உள்ள ஓர் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார்: “டபுள் சைஸ் இல்லீங்களா சார்? நாங்க புள்ளைகளோட ஒண்ணாத் தரையில படுக்கறவங்க, இது ஒராளுக்குத்தானே ஆகுமுங்க.” அவர் சொன்னதை மறுப்பதற்கில்லை. 60 அங்குலப் போர்வை தனியாளுக்கானது. குடும்பத்தோடு ஒரே அறையில் படுப்பவர்களுக்கு 90 அங்குல அகலமே பயன்படும். அதன் விலை எங்கள் வரம்பைத் தாண்டியது. லைன் வீட்டில் தனியாகத் தங்கியிருக்கும் பையன்களுக்கோ இந்த அளவே மிகச் சரியாக அமைந்தது. அவர்களில் சட் பூஜைக்கு ஊர் போன ஐந்து பேரும் போர்வையைத் தங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் லைன் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். மீதிப் பையன்களுடைய போர்வைகள் அங்கே காய்ந்துகொண்டிருந்தன. அரக்குச் சிவப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. நெசவு எங்கும் விலகவில்லை, ஓரத் தையல் பிரியவில்லை.

எப்போது வாங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே வடிவத்தில் 40, 50 என்று வேண்டுமானால் ஆவணி மாதத்திலேயே சங்கத்தில் சொல்லி வைக்க வேண்டும். தறியில் பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றி நெய்து வர நாள் பிடிக்கும். கடைசி வாரத்தில் போனால் இருப்பில் உள்ள கலவையான நிறங்களைத்தான் பொறுக்கிக்கொண்டு வர முடியும். சென்னிமலை தூரமாக உள்ளவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் எளிய வழி. 1935இல் தொடங்கிய அந்த நெசவாளர் கூட்டுறவு நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டின் எல்லாப் பெரிய ஊர்களிலும் விற்பனை நிலையம் உண்டு. தீபாவளிக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி கொடுப்பது அங்கே வழக்கம். மொத்தமாக வாங்குவதை முன்கூட்டியே விற்பனை நிலைய மேலாளரிடம் பேசிக்கொண்டால், மற்ற நிலையங்களிலிருந்தும் வரவழைத்துத் தருமாறு கேட்கலாம். மாதாமாதம் சிறு தொகை கட்டிச் சேமித்துப் பண்டிகைக்குத் துணியாக எடுத்துக்கொள்ளும் திட்டமும் அங்கே இருக்கிறது. ஒரே மாதத்தில் 30,000 ரூபாயைப் புரட்டுவது கஷ்டம் என்னும் பட்டறைகளுக்கு, ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவது அந்த மாதத்தின் நெருக்கடியைக் குறைக்கும்.

தலைக்கு 300 ரூபாய்தான் இருக்கிறது என்றால் போர்வையை நினைக்க வேண்டாம். தடித்த கைத்தறித் துண்டு இரண்டும் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலமும் கொடுக்கலாம். பட்டறையில் வேலை செய்பவருக்குத் துண்டு எத்தனை இருந்தாலும் போதாது. 1,200 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடிகிறவர்கள் பவானி ஜமக்காளத்தைப் பார்க்க வேண்டும். கெட்டியான நூலில் குழித்தறியில் நெய்யப்படும் அது, வீட்டில் விருந்தாளி வந்தால் விரிக்கிற பொருள். இடையில் உள்ள எங்களைப் போன்றவர்களுக்குப் போர்வை சரியான இடத்தில் நிற்கிறது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். கழித்த ஒன்று அகலத்துக்காக.

வருகிற தீபாவளிக்கும் சென்னிமலைக்கே சொல்லியிருக்கிறோம். இம்முறை இரண்டு அளவுகளிலும் விலை கேட்டு, குடும்பத்தோடு இருக்கும் 27 பேருக்கு அகலப் போர்வையும் தனியாக இருக்கும் 15 பேருக்கு ஒற்றைப் போர்வையோடு ஒரு துண்டும் தலையணை உறையும் என்று, இரு தரப்புக்கும் ஒரே மதிப்பு வரும்படி பட்டியல் போட்டிருக்கிறேன். தலைக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டு முதலாளியின் மேசையில் வைத்திருக்கிறேன். அந்த அக்கா சொன்னதை அப்படியே முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.